இலவசமாகக் கிடைப்பது எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை

பழைய வன்தட்டு ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் நான் செய்த ஒலிப் படைப்பொன்றின் கோப்பு அகப்பட்டது. ‘பியூர் டேட்டா’ என்ற மென்பொருளில் செய்தது. மடிகணினியில் அதன் புதிய பதிப்பை நிறுவித் திறந்தேன். பாதிப் பெட்டிகள் இயங்கவில்லை. ‘உருவாக்க முடியவில்லை’ என்ற பொருளில் பிழைச் செய்திகள் வரிசையாக ஓடின.

கோப்பில் பழுதில்லை. அன்று நான் பயன்படுத்திய பொதிதான் இன்று இல்லை.

பியூர் டேட்டாவில் நிரலை வரிவரியாக எழுதத் தேவையில்லை. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே ஒலியை உருவாக்கலாம். 1980களில் பாரிஸின் இர்காம் நிறுவனத்தில் ‘மக்ஸ்’ மென்பொருளை எழுதிய மில்லர் பக்கெட், 1990களில் இதை உருவாக்கினார். மக்ஸ் விற்பனைப் பொருளாகியது. பியூர் டேட்டாவோ யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக இருக்கிறது.

ஆனால் அதன் மூலப் பதிப்பு மிகச் சிறியது. மேலதிக வசதிகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் தனித்தனி நீட்சிகளாக எழுதினார்கள். அவற்றைத் தேடியெடுத்து, தம் கணினிக்கு ஏற்பத் தொகுத்து, சரியான இடத்தில் வைப்பது புதியவர்களுக்கு இலகுவல்ல. ஹான்ஸ்-கிறிஸ்டோப் ஸ்டைனர் முன்னின்று உருவாக்கிய ‘பிடி-எக்ஸ்டெண்டட்’ இவை எல்லாவற்றையும் ஒரே நிறுவியில் தந்தது. அதுதான் பியூர் டேட்டா என்றே நான் நம்பியிருந்தேன். அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வெளியானது.

இத்தகைய வேலை ஒருமுறை செய்து முடிப்பதல்ல. விண்டோஸ், மக், லினக்ஸ் ஒவ்வொன்றும் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு நீட்சியையும் மீண்டும் தொகுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சுமை ஒருசிலரின் தோளிலேயே விழுகிறது. அவர்கள் விலகினால், அந்தப் பொதியை நம்பி எழுதப்பட்ட பாடங்களும் படைப்புகளும் அந்தரத்தில் நிற்கின்றன.

பின்னர் வேறு வழிகள் பிறந்தன. 2016இல் வந்த 0.47 பதிப்பு, நீட்சிகளை உள்ளிருந்தே தேடி நிறுவும் ‘டெக்கன்’ வசதியைச் சேர்த்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மடிகணினி இசைக்குழுவுக்காக உருவான கிளையிலிருந்து ‘பர் டேட்டா’ பிறந்தது. டிமோதி ஸ்கூன் தொடங்கிய ‘பிளக்டேட்டா’, புதிய முகப்புடன் ஏனைய இசை மென்பொருட்களுக்குள்ளும் இயங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. டெக்கனில் எதைத் தேடுவது என்று பயனர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கிளைகள் பெருகினால், ஒன்றில் செய்த கோப்பு மற்றொன்றில் முழுமையாக இயங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

2022இல் ரூபாய் சரிந்தபின் டொலரில் விலையிடப்பட்ட மென்பொருட்கள் என்னைப் போன்ற சுயாதீனப் பணியாளர்களின் கைக்கு எட்டாமல் போயின. திறந்த மூலம் நமக்கு நல்ல தெரிவு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் உரிமக் கட்டணம் பூச்சியம் என்பதோடு கணக்கை முடித்துவிட முடியாது. அதைப் பொதி செய்பவர் யார், எத்தனை பேர், அவர்கள் நாளை நிறுத்தினால் என்ன செய்வோம் என்பவற்றையும் பயிற்சி நடத்துவோர் கேட்க வேண்டும். குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு, எந்த நீட்சிகள் என்று கோப்புடன் ஒரு குறிப்பாவது எழுதி வைக்க வேண்டும்.

நான் அன்று எழுதி வைக்கவில்லை. விடுபட்ட நீட்சிகளை ஒவ்வொன்றாகத் தேடி நிறுவ இரண்டு மாலைகள் போயின. மூன்றாம் நாள்தான் ஒலி வந்தது.