எதிர்ப்பொருளின் சாட்சியம்

"இந்தத் தசையில் இன்ன புரதம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலான ஆராய்ச்சிசாலைகளில் விடை கூறுவது எதிர்ப்பொருள்தான். அது 'உண்டு' என்றால் நாமும் 'உண்டு' என்று எழுதிவிடுகிறோம். இது முறையன்று என்பது என் கருத்து. குறுக்கு விசாரணையின்றி ஒரே சாட்சியின் சொல்லை நம்பித் தீர்ப்பு வழங்கும் நீதிபதியை நாம் மதிப்போமா?

விஞ்ஞானம் பயிலாத நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஒரு புரதத்தை முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசி மூலம் செலுத்தினால், அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன் உடல் உண்டாக்குகிறது. ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் பெறும் வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்டனர். 1984-இல் நோபெல் பரிசு பெற்றனர். தசையை அரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் பருமன்வாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளை இடுவோம். அது பற்றிய இடம் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையே சாட்சியம்.

டிஸ்ட்ரோபின் என்னும் தசைப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். 1987-இல் இனங்காணப்பட்ட இது 427 கிலோடால்டன் எடையுள்ள பெரும் புரதம். தசைநாரின் உட்கட்டமைப்பை அதன் மேற்சவ்வோடு பிணைத்து நிற்பது. இது இல்லாத சிறுவர்களையே டூஷென் தசைச்சிதைவு நோய் பற்றுகிறது. பதின்பருவத்திலேயே நடை இழக்கச் செய்கிறது. டிஸ்ட்ரோபினுக்கு யூட்ரோபின் என்றொரு உறவினர் உண்டு. அமைப்பில் ஒற்றுமை மிகுதி. எடை ஏறத்தாழ 395 கிலோடால்டன். டூஷென் நோயுற்ற தசையில் இதன் அளவு கூடுகிறது. இரண்டையும் பற்றும் எதிர்ப்பொருளைக் கேட்டால், இல்லாத டிஸ்ட்ரோபினை 'இருக்கிறது' என்றே சொல்லும்!

இது வெறும் கற்பனை அச்சமன்று. சென்ற ஆண்டு விலைக்கு வாங்கிய ஒரு குப்பியைக் கொண்டு நானே சோதனை செய்தேன். எதிர்பார்த்த உயரத்தில் அழகான பட்டை விழுந்தது. மகிழ்ச்சியோடு பேராசிரியரிடம் காட்டினேன். "டிஸ்ட்ரோபின் இல்லாத தசையில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். வேறொரு ஆராய்ச்சிசாலையிலிருந்து எம்.டி.எக்ஸ். சுண்டெலியின் தசைச்சாறு வாங்கி வந்தேன். அந்தச் சுண்டெலிக்கு டிஸ்ட்ரோபின் கிடையாது. ஆயினும் பட்டை அங்கும் விழுந்தது! குப்பியோடு வந்த தாளை அப்போதுதான் கவனமாகப் படித்தேன். அதிலிருந்த படம் தசையில் எடுத்ததே அன்று; செயற்கையாக ஆக்கிய ஒரு புரதத் துண்டில் எடுத்தது. நான்கு மாத உழைப்பு வீணாயிற்று. பிழை குப்பியினுடையது மட்டுமா? கேளாமல் நம்பிய என்னுடையதும் அன்றோ!

பெரியவர்களும் இவ்வழியில் இடறியதுண்டு. உடற்பயிற்சியின்போது தசையிலிருந்து ஐரிசின் என்னும் சுரப்புப்பொருள் வெளிப்படுகிறது என்று 2012-இல் அறிவிக்கப்பட்டது. உடனே விற்பனைக்கு வந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டு பலரும் இரத்தத்தில் அதை அளந்து கட்டுரைகள் எழுதினர். அந்த எதிர்ப்பொருள்களிற் பல இரத்தத்திலுள்ள வேறு புரதங்களையே பற்றுகின்றன என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டு, எதிர்ப்பொருளை நம்பாமல் நிறைமாலைமானி கொண்டு அளந்த வேறொரு குழுவினர், மனித இரத்தத்தில் ஐரிசின் மிகச் சிறிய அளவில் உண்டு என்று கண்டனர். பொருள் பொய்யன்று, பலர் அளந்த கோல்தான் கோணல்.

"எதிர்ப்பொருளின் விலையே எங்கள் ஒரு மாத உதவித்தொகையை விழுங்குகிறது, இத்தனை சோதனைக்குப் பணம் ஏது, நேரம் ஏது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புரதமற்ற தசைச்சாற்றுக்கு வேண்டியது ஜெல்லில் ஒரே ஒரு குழி. அதை ஒரு துறை உறைபெட்டியில் வைத்துப் பல துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளைப் பக்கத்து ஆராய்ச்சிசாலையில் கடன் கேட்கலாம். குப்பியின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுத ஒரு காசும் செலவில்லை. இம்மூன்றும் இல்லாத பட்டையைத் துறைக் கருத்தரங்கில் ஏற்பதில்லை என்று நாமே ஒரு விதி செய்துகொள்ளக் கூடாதா?

இதில் பட்டத்தைவிடப் பெரிய பொருள் அடங்கியிருக்கிறது. டூஷென் நோய்க்கான எட்டெப்லிர்சன் என்னும் மருந்துக்கு 2016-இல் அமெரிக்க அரசு துரித அனுமதி வழங்கியது. அதற்கு அடிப்படை, தசையில் டிஸ்ட்ரோபின் கூடிற்று என்னும் அளவீடே. எவ்வளவு கூடிற்று? ஓர் ஆய்வில், நலமுள்ளோர் அளவில் சராசரி 0.16 விழுக்காடாக இருந்தது, 48 வாரங்களில் 0.44 விழுக்காடு ஆயிற்று. அது போதுமா என்று அன்று எழுந்த வாதம் சிறிதன்று. நோயுற்ற சிறுவர்களுக்குரிய ஒரு மருந்தின் கதி இத்தனை மெல்லிய பட்டையில் தொங்கும்போது, அந்தப் பட்டை உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது நம் கடமையாகாதா?

எனவே, நண்பர்களே, அடுத்த முறை அழகான பட்டை விழும்போது உடனே மகிழாதீர்கள். புரதம் இல்லாத தசையிடம் முதலில் கேளுங்கள். அது 'இல்லை' என்று சொன்ன பிறகு, மற்றது 'உண்டு' என்று சொல்வதை நம்புங்கள்.