ஐம்பதில் வரும் மறதி

முப்பது வருஷம் நூற்பாலையில் இழை முடிந்த கைக்கு ஒருநாள் முடிச்சு மறந்துபோகிறது. குடி என்கிறான் மேஸ்திரி. பேய் என்கிறது ஊர். ஆனால் இது மூளை நோய். ஜெர்மன் டாக்டர் அல்சைமர் 1906-ல் முதன்முதலாக விவரித்த நோயாளி ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வயது 51தான்.

நம் நாட்டுக் கணக்கோ அறுபதில்தான் தொடங்குகிறது. 2023-ல் வெளியான ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்குச் சுமார் 7 பேருக்கு மறதி நோய் என்றது. அதற்குக் கீழே உள்ளவர்களை எண்ணவே இல்லை. முதியோர் பென்ஷனுக்கும் 60 ஆக வேண்டும். ஐம்பதில் வேலை இழந்தவன் பத்து வருஷம் எதைச் சாப்பிடுவான்?

மில் தோழர்களே, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்! ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மறதி நோயும் உண்டு; நிபந்தனைகளுக்கு உட்பட்டு 2 வருஷம் வரை 80 சதவீதக் கூலி பெறலாம். வயலில் உழைப்பவருக்கு அதுவும் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், துணைக்குப் போகிறவரின் கூலியும் போச்சு.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு, ஒரு நோயாளியை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? ஆனால் சர்க்காரின் கடமையை நாம் சுமக்க முடியாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக்கொதிப்புக்கு வீட்டிலேயே மாத்திரை தருகிறது, நல்லதே. அந்த ஊழியர்களே ஞாபகத்தையும் சோதிக்கட்டும். தைராய்டு, வைட்டமின் குறைவால் வரும் மறதிக்கு மருந்து உண்டு. அந்த ரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். அறுபதுக்குக் காத்திராமல், நோய் உறுதியான நாளிலிருந்தே பென்ஷன் வேண்டும் என்று கோருகிறோம்.