சாயம் பழசு, கமராதான் எட்டாத தூரத்தில்

ரிவி ரிமோட்டின் முனையை உங்கட போனின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடிச்சு ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கோ. வெறுங் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அநேகமான போன்களின் திரையில் ஊதாவும் வெள்ளையுமாய் ஒரு மினுக்கம் வரும். அதுதான் செந்நிறக்கீழ் ஒளி. பெரிய ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை செய்யிறவர்கள் உடம்புக்குள்ளே பார்க்கப் பாவிப்பதும் இந்த இனத்து ஒளிதான்.

கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் பெரும்பகுதியை எங்கட இரத்தம் விழுங்கிவிடும். மிக நீண்ட அலைகளைத் தண்ணீர் விழுங்கும். இடையில், ஏறத்தாழ 700 தொடக்கம் 900 நனோமீற்றர் வரை, ஒரு யன்னல் திறந்திருக்கிறது. அந்த யன்னலில் ஒளிரும் சாயத்தை ஊசியால் ஏற்றினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆழத்தில் இருக்கிற இரத்தக்குழாயையும் நிணநீர்க் கணுவையும் திரையில் பார்க்கலாம். அதைவிட ஆழமென்றால் ஸ்கானிடம்தான் போகவேணும்.

இந்தச் சாயங்களில் அதிகம் பாவிக்கப்படுவது இந்தோசயனின் கிறீன். 1955இல் கோடாக் ஆய்வுகூடத்தில் புகைப்பட வேலைக்காகப் பிறந்தது. 1959இல் அமெரிக்கா அதை மனிதரில் பாவிக்க அனுமதித்தது. ஈரல் அதைச் சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து பிரித்துப் பித்தத்தோடு வெளியேற்றத் தொடங்கிவிடும்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கோ. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான். நோய் பரவினால் வழமையாக முதலில் அக்குள் கணுக்களுக்குத்தான் போகும். எல்லாக் கணுக்களையும் வெட்டி எடுத்தால் சிலருக்குக் காலம் முழுக்கக் கை வீங்கும். அதனால் முதல் கணுவை மட்டும் தேடி எடுத்துச் சோதிக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வழமையாகக் கதிரியக்கத் தெக்னீசியமும் நீலச் சாயமும் வேணும். தெக்னீசியம் 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். வாங்கி அலுமாரியில் அடுக்கிவைக்கிற சாமான் இல்லை. இந்தோசயனின் கிறீனோ ஒரு சின்னப் போத்தலில் தூளாய் இருக்கும், கதிரியக்கமும் இல்லை. கதிரியக்கப் பிரிவு இல்லாத ஆஸ்பத்திரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆனால் அறிவியல் செய்திகளில் எங்களுக்குக் கிடைப்பது வேற கதை. குவாண்டம் புள்ளிகள், காபன் நனோக்குழாய்கள், 1000 நனோமீற்றருக்கு அப்பால் ஒளிரும் புதுப் பொருட்கள். எலியின் உடம்பில் எடுத்த படங்கள் அழகாய்த்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சிலதில் கட்மியமும் ஈயமும் இருக்கின்றன. உடம்பை விட்டு லேசில் போகாது. சாதாரண சிலிக்கன் கமராவுக்கு அந்த ஒளி தெரியாது. அதைப் பிடிக்க இன்னும் விலை கூடின கமரா வேணும். வேடிக்கை என்னவெண்டால், பழைய இந்தோசயனின் கிறீனே அந்த 1000 தாண்டிய பகுதியிலும் ஓரளவு ஒளிர்கிறது என்று 2018இல் காட்டிவிட்டார்கள்.

புதுச் சாயமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தோசயனின் கிறீனுக்குப் புற்றுக்கலத்தையும் நல்ல கலத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 2021இல் சூலகப் புற்றுநோய்க்கும் 2024இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்கா அனுமதித்த சாயங்கள் அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. அந்த ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் 60 வருசத்துக்கு மேலாகக் கையில் இருக்கிற சாயத்தையே எல்லா ஏழை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல், இன்னும் பிரகாசமான சாயத்துக்குக் கைதட்டுவது யாருக்காக?

இங்க முட்டுக்கட்டை சாயமில்லை, அதைப் பார்க்கிற கருவி. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டால் சத்திரசிகிச்சைகளையே தள்ளிப்போட்ட நாடு இது. அப்படியான நாட்டில் பெருங்காசு கொடுத்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் கமரா வாங்குவார்கள் என்று காத்திருக்கேலாது. போன் கமராவில் இருக்கிற சிலிக்கனுக்கே 830 நனோமீற்றர் ஒளி தெரியும். நல்ல வடிகட்டி, சரியான விளக்கு, மென்பொருள் ஆகியவைதான் மிச்சம். குறைந்த செலவில் இப்படிச் செய்த கருவிகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. வீட்டில் பூட்டினதை அப்படியே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. கிருமிநீக்கம், பரிசோதனை, அனுமதி எல்லாம் வேணும். அதைத்தான் எங்கட பொறியியல் பீடங்களும் மருத்துவ பீடங்களும் ஒரே மேசையில் இருந்து செய்யவேணும் என்கிறோம். இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிற தம்பி, தங்கச்சிமாரே, ஒன்று இங்க கிடக்கு.