எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவரிடமிருந்து, நம்மிடமிருந்து அன்று

"அவனுக்கு என்ன தெரியும்? சுவனத்துப் பிள்ளை. ஊசி, மருந்து என்று ஏன் வதைக்க வேண்டும்?" அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் நோயுறும்போது நம் மஹல்லாக்களில் இவ்வாறு பேசுவோர் இன்றும் உள்ளனர். மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நபிமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். அது அவருடைய கேள்விகணக்கைப் பற்றியது. அவரை வலியோடு வீட்டில் கிடத்தியவர்களின் கணக்கை அது எங்கே தள்ளுபடி செய்கிறது?

அண்மையில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் ஒரு தகப்பனாரைக் கண்டோம். கொல்லிமலையின் குண்டனி நாட்டிலிருந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பேச்சு வராத வாலிப மகனை அழைத்து வந்திருந்தார். வளைவுதோறும் மகன் அஞ்சி நடுங்கினானாம். கையை விடாமல் பிடித்திருந்தாராம். "வலிச்சா இவன் சொல்ல மாட்டானுங்க. சோறு வேண்டாம்பான், காதைப் பொத்திக்குவான். மூணு நாளா ரெண்டும் செய்றானுங்க" என்றார். அதன் பின்னரே மருத்துவர் அந்த மகனைத் தொட்டுப் பார்த்தார்.

மருத்துவமனைக்கு நடந்தே செல்லும் தொலைவில் குடியிருக்கிறோம் நாம். நம் வீட்டுப் பிள்ளையின் வலிக்கு என்ன அடையாளம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலும் தாய்க்கு மட்டுமே தெரியும். அவரும் படுத்துவிட்டால்? ஒரு தாளில் எழுதி வைப்பதற்குக்கூட நமக்கு மனம் வரவில்லை.

அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறிவில் சற்றுக் குறையிருந்த ஒரு பெண், தமக்கொரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேசுவது என்பதையும் அவரே தெரிவு செய்யுமாறு விட்டார்கள். அவருடைய தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். வீட்டாரை அழைத்து வரச் சொன்னதாக அதில் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 25ஆம் பிரிவில் சிகிச்சைக்கு முன்னுரிமை அளிக்கச் சொல்கிறது. நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. வரிசையில் முன்னே விடுமாறு கேட்பது யாசகமன்று. பிள்ளையை வெளியே காட்டக் கூசுகிற வீடுதான் இதையும் கேட்கக் கூசுகிறது.

ஜமாஅத்தும் தப்ப முடியாது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க நூறு பேர் திரள்கிறோம். அதற்கு முந்தைய வாரம், வார்டில் விழித்துக் கிடந்த அந்தத் தாயை ஓரிரவு உறங்கவிட ஒருவரேனும் சென்றோமா? வரும் ஜும்ஆவுக்குப் பின், இரவுத் துணைக்குச் செல்வோரின் பட்டியலை நம் நிர்வாகிகளிடம் கேட்கவிருக்கிறோம். முதல் பெயராக நம் பெயரையே எழுதிக்கொடுப்போம்.