சரிவு மனையில் தடுப்புச்சுவரும் வீட்டின் பகுதியே

கொல்கத்தா வண்டல் மண் படிந்த சமவெளியில் அமைந்த நகரம். இங்கு வீடு கட்டுவோர் மனையின் சரிவைப் பற்றிக் கவலை கொள்ளத் தேவையில்லை. ஆயினும் ஓய்வுக்காலத்தைக் குளிர்ந்த இடத்தில் கழிக்க விரும்பி, இந்நகரத்தார் கலிம்போங்கிலும் கர்சியாங்கிலும் மனை தேடுகின்றனர். கோவையிலும் சேலத்திலும் வாழ்வோர் கோத்தகிரியையும் ஏற்காட்டையும் நாடுவதும் இவ்வாறே. மனை மலையில் இருக்க, கடன் விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் வீட்டு வரைபடமோ பல வேளைகளில் சமதளத்திற்கென வரையப்பட்ட ஆயத்த வரைபடமாக இருக்கிறது.

ஆயத்த வரைபடத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதற்குக் கட்டணம் குறைவு. அறைகளின் அளவும் அமைப்பும் தொடக்கத்திலேயே தெளிவாகிவிடும். ஆனால் அது தரைக்கு மேல் உள்ளதை மட்டுமே கூறும். சரிவு மனையில் செலவையும் பாதுகாப்பையும் முடிவு செய்வது தரைக்குக் கீழ் உள்ள பகுதியாகும். எனவே, தடுப்புச்சுவரும் வடிகாலும் இடம்பெறாத மதிப்பீட்டை வாடிக்கையாளரும் ஏற்கலாகாது, வங்கியும் ஏற்கலாகாது என்பது என் கருத்து.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 45 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட வீடு. மனையோ 5 அடிக்கு 1 அடி வீதம் இறங்குகிறது. வீட்டின் நீளம் சரிவின் போக்கில் அமைந்தால் இரு முனைகளுக்கும் இடையே 9 அடி உயர வேறுபாடு தோன்றும். அதே வரைபடத்தைத் திருப்பி, நீளத்தைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தால் வேறுபாடு 5 அடியாகக் குறையும். அகலத்தை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியையும் பின்பகுதியையும் இரு மட்டங்களில் அமைத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டரை அடி வேறுபாடே எஞ்சும். இரு மட்டங்களையும் இணைக்க அரையடி உயரமுள்ள ஐந்து படிகள் போதும். தடுப்புச்சுவரின் மீது மண் தரும் விசை சுவரின் உயரத்தைப் போல் பெருகுவதில்லை. உயரத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுகிறது. ஆகவே 9 அடிச் சுவர் ஒவ்வோர் அடி நீளத்திலும் 5 அடிச் சுவரைப் போல் மும்மடங்கிற்கும் மேலான விசையைத் தாங்க வேண்டும்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, மனையையே சமதளமாக்கிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் வீட்டின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி புதிதாகக் கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் அமிழும்போது சுவர்கள் விரிசல் காணும். தாழ்புறத்தில் நெடிய தூண்களை எழுப்பி வீட்டைத் தாங்கச் செய்வதிலும் ஓர் இடர் உண்டு. நில அதிர்ச்சியின்போது மேட்டுப்புறத்துக் குட்டைத் தூண்களே பெரும் விசையை ஏற்று முதலில் முறியக்கூடும். 2011 செப்டம்பர் 18 அன்று சிக்கிமில் நேர்ந்த நில அதிர்ச்சியை உணர்ந்த டார்ஜிலிங் மலைப்பகுதிக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

நீரும் அவ்வாறே. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015 ஜூலையில் மிரிக் பகுதியும் பெருந்துயரைக் கண்டது. அவற்றுக்கெல்லாம் வீடுகளே காரணம் எனக் கூற இயலாது; பெருமழையே முதற்காரணம். எனினும் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகளும், மேட்டுப்புறத்து மழைநீரைத் திருப்பிவிடும் வடிகாலும் இல்லையெனில், வலிமையான சுவரும் சாயும். அது சாய்ந்தால் நம் வீட்டுக்கு மட்டுமன்றிக் கீழ்மனையில் உறங்குவோருக்கும் ஆபத்து.

இனிப் பணத்தைப் பற்றி. 30 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில், சொத்தின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கி வழங்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் மதிப்பீட்டில் இல்லாத தடுப்புச்சுவரின் செலவு கணக்கில் சேராது. அது முழுவதும் வாடிக்கையாளரின் கையிருப்பிலிருந்தே செல்லும். கையிருப்பு தீர்ந்தால் கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கவோ, சுவரை மெலிதாகக் கட்டவோ நேரிடும். முன்னது குடும்பத்தை வருத்தும். பின்னது வீட்டையே வருத்தும்.

மனையை அளந்து ஏற்ற இறக்கத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம், மண் பரிசோதனை, கட்டமைப்புப் பொறியாளரின் ஆலோசனை ஆகியவற்றுக்குத் தனியே செலவிட்டால், ஆயத்த வரைபடத்தால் கிடைத்த சேமிப்பு கரைந்துவிடாதா என்று சிலர் வினவலாம். ஓரளவு கரையத்தான் செய்யும். ஆனால் அச்செலவு, சுவரின் உயரத்தைக் காகிதத்திலேயே குறைத்துத் தருகிறது. திருத்தங்களை உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலுக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்திற்கேற்பவே கடன் தவணைகள் விடுவிக்கப்படும். மலைப்பகுதிகளில் கட்டடத்தின் உயரத்திற்கு வரம்பு உண்டு. அவ்வுயரத்தை மேட்டுப்புறத்திலிருந்து அளப்பார்களா, தாழ்புறத்திலிருந்து அளப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டறிவது நன்று.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. சரிவு மனைக்கான விண்ணப்பம் எனில், மனையின் ஏற்ற இறக்க வரைபடத்தையும் தடுப்புச்சுவர், வடிகால் ஆகியவற்றின் மதிப்பீட்டையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்பத்துடன் மேலும் ஒரு தாளா என வாடிக்கையாளர் சலித்துக்கொள்ளக்கூடும். இருபது ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டிய வீடு, அந்த இருபது ஆண்டுகளும் அசையாது நிற்க வேண்டுமல்லவா?