போதும் என்று சொல்வது யார்?

குறித்த ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, வேண்டியதை வேண்டியமட்டும் எடுத்து உண்ணலாம் என்னும் ‘பஃபே’ முறை இன்று நம் நாட்டுக்குப் புதியதன்று. உல்லாசப் பயணிகளுக்கென்று கடற்கரை ஹோட்டல்களிலே வேரூன்றிய இவ்வழக்கம், கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களிலும் நடுத்தர உணவகங்களிலும் கலியாண மண்டபங்களிலும் இடம்பிடித்துவிட்டது. பந்தியிருந்து உண்ட குடும்பங்கள் பலவற்றின் விசேடங்களிலே, இன்று விருந்தினர் பீங்கானைக் கையிலேந்தி வரிசையிலே நிற்கின்றனர். இந்த முறை உண்மையிலே விரும்பத்தக்கதுதானா? நாகரிகத்தின் வளர்ச்சி என்பார் ஒரு சாரார். பெருந்தீனிக்கு இட்ட பெருமைப் பெயர் என்பார் மறு சாரார். இரண்டும் அரை உண்மைகளே என்பது எனது துணிபு. பஃபே மேசையிலே நாம் கவனிக்க வேண்டியது உணவின் தொகையை அன்று. அவ்வுணவுக்கு எல்லை வகுப்பவர் யார் என்பதையே.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பல பண்டங்களை நீண்ட மேசையொன்றிலே பரப்பி, விருந்தினர் தாமே எடுத்து உண்ணும் வழக்கத்துக்குச் சுவீடன் நாடு பேர்பெற்றது. ‘ஸ்மோர்கஸ்போர்ட்’ எனப்படும் அந்த விருந்து, 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே சுவீடன் நாட்டு மண்டபத்தின் வாயிலாக அமெரிக்க மக்களின் கவனத்தை ஈர்த்தது. 1940களிலே, லாஸ் வேகாஸ் நகரின் எல் ரான்சோ வேகாஸ் என்னும் சூதாட்ட விடுதி, ஒரு டொலருக்கு வேண்டியமட்டும் உண்ணலாம் என்று அறிவித்தது. அதன் நோக்கம் விருந்தோம்பல் அன்று. பசித்தவன் வெளியே போய்விட்டால் சூதாட்ட மேசை வெறுமையாகிவிடும். அவனை உள்ளேயே இருத்திவைக்கும் உபாயமே அந்த மலிவு விருந்து. சோற்றிலே விட்டதைச் சூதிலே பிடித்தார்கள். பின்னர் 1958இல் தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் இம்முறையை யப்பானுக்குக் கொண்டுவந்தது. சுவீடன் மொழிப் பெயர் யப்பானியர் நாவுக்கு எளிதில் வராமையால் ‘வைக்கிங்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இன்றும் அந்நாட்டிலே பஃபே உணவை அப்பெயராலேயே வழங்குகின்றனர்.

ஒரே மேசை ஓரிடத்திலே விருந்தாகவும், ஓரிடத்திலே தூண்டிலாகவும், ஓரிடத்திலே புதுமையாகவும் விளங்கியிருக்கிறது. ஆகவே மேசையைப் புகழ்வதிலோ இகழ்வதிலோ பயனில்லை. அதன் பின்னால் ஓடும் கணக்கையே ஆராய வேண்டும்.

இதன் கவர்ச்சியை அலட்சியமாக ஒதுக்கிவிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பெரிய ஹோட்டலொன்றிலே நடுத்தரக் குடும்பத்தவர் ஒருவர் எதிர்கொள்ளும் முதற் சோதனை உணவுப் பட்டியல். அதிலுள்ள பெயர்கள் பிற நாட்டுப் பெயர்கள். அவற்றின் பொருள் விளங்காது. வலப்புறத்திலே விலைகள் நிற்கும்; அவை நன்றாக விளங்கும். பிள்ளைகள் இடப்புறத்தை வாசிக்க, தந்தை வலப்புறத்தை வாசிக்கிறார். பரிசாரகர் குறிப்பேட்டுடன் காத்து நிற்கிறார். ‘எனக்குப் பசியில்லை’ என்று தாய் சொல்லும் பொய், இத்தகைய மேசைகளிலே எத்தனை தரம் சொல்லப்பட்டிருக்கும்! பஃபே இச்சங்கடத்தை ஒரே வீச்சிலே நீக்கிவிடுகிறது. தலைக்கு இவ்வளவு என்பது வாசலிலேயே தெரிகிறது. பெயர் தெரியாத பண்டத்தையும் கண்ணாற் கண்டு, ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். பரிசாரகரின் பார்வைக்கு அஞ்ச வேண்டியதில்லை. முதலாளியும் எழுதுவினைஞரும் ஒரே அகப்பையைப் பிடிக்கின்றனர். இதிலே ஒருவகைச் சமத்துவம் உண்டு. அதை நான் மறுக்கமாட்டேன். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று பல பஃபே உணவகங்களை மூடவைத்தது. அமெரிக்காவிலே சூப்பிளான்டேஷன் என்ற நிறுவனம் தன் 97 உணவகங்களையும் ஒருசேர மூடிவிட்டது. இனிப் பஃபே இல்லை என்றே பலரும் எழுதினர். ஆயினும் நோய் தணிந்ததும் மேசைகள் மீண்டும் விரிந்தன. வயிற்றாசை ஒன்றே காரணமாயின் இந்த மீட்சி இவ்வளவு விரைவிலே நிகழ்ந்திராது. விலை முன்கூட்டியே தெரிந்த நிம்மதிக்கும் மக்கள் பணம் கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த நிம்மதியைத் தருபவர் வியாபாரி. அவர் கணக்கு வேறு. பஃபே உணவகம் ஒவ்வொரு மனிதனையும் எண்ணுவதில்லை. சராசரி மனிதனையே எண்ணுகிறது. ஒருவர் நான்கு பீங்கான் உண்டால், மூவர் ஒன்றரைப் பீங்கானுடன் எழுந்துவிடுவர். பெருஞ்சட்டியிலே ஒருமிக்கச் சமைப்பதாற் செலவு குறைகிறது. பரிமாற ஆட்கள் குறைவாகவே வேண்டும். வரிசை தொடங்கும் இடத்திலே சூப்பும் பாணும் சோறும் நூடில்சும் இருக்கும். இறாலும் இறைச்சியும் தொலைவிலே இருக்கும். அவ்விடத்தை அடையும்போது பீங்கானிலே இடம் அரிதாகிவிடும். விலையுயர்ந்த இறைச்சியை ஒருவர் கத்தியுடன் நின்று மெல்லிய துண்டுகளாக அரிந்து தருவார். அகப்பை நம் கையில் இல்லாத ஒரே இடம் அதுதான். குடிபானத்துக்குத் தனி விலை. இவற்றிலே மோசடி ஏதுமில்லை. ஆனால் ‘எல்லையில்லை’ என்று பலகையிலே எழுதிய கையே, எல்லையை வேறிடங்களிலே மறைவாக வரைந்து வைத்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

இனி உண்பவரின் பக்கத்தை நோக்குவோம். கொடுத்த பணம் கொடுத்ததுதான். எவ்வளவு உண்டாலும் அது திரும்பி வராது. அறிவுக்கு இது தெளிவு, மனம் ஏற்பதில்லை. பிற்காலத்திலே, 2017இல், பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற ரிச்சாட் தேலர், 1980இல் எழுதிய கட்டுரையொன்றிலே இதற்கு ஒரு பரிசோதனையை எடுத்துக்காட்டினார். வேண்டியமட்டும் பீட்சா உண்ணும் உணவகமொன்றிலே வந்தோருட் சிலருக்கு அவர்கள் கொடுத்த பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பணத்தைத் திரும்பப் பெறாதோரே கூடுதலாக உண்டனர். உணவு ஒன்று, பசி ஒன்று. வேறுபட்டது கைவிட்டுப்போன காசு மாத்திரமே. அவர்கள் பீட்சாவை உண்ணவில்லை. கடனை அறவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இதனோடு பல்சுவையின் மயக்கமும் சேர்கிறது. ஒரே பண்டத்தை உண்ண உண்ண அதன் இன்பம் குறைகிறது. வேறொரு பண்டம் வந்தால் ஆசை மீண்டும் தளிர்க்கிறது. பாபரா ரோல்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரேவகைச் சான்ட்விச் பெற்றவர்களைவிட நான்கு வகை பெற்றவர்கள் மூன்றிலொரு பங்கு கூடுதலாக உண்டமை தெரியவந்தது. நான்குக்கே இந்நிலை என்றால், நாற்பது பண்டங்களின் முன்னே நிற்பவரின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்திலே மூலிகைகளைப் பற்றிப் பேசாமல் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

இத்தகைய விருந்துகளிலே நான் பலகாலும் கவனித்த காட்சி ஒன்று உண்டு. முதற் பீங்கான் மகிழ்ச்சியோடு உண்ணப்படுகிறது; அப்போது பேச்சும் சிரிப்பும் இருக்கும். இரண்டாவதிலே பேச்சுக் குறைகிறது. மூன்றாவதிலே முகம் கணக்கெழுதுபவரின் முகமாகிவிடுகிறது. ஒருவர் எழும்ப, மற்றவர் இருக்க, குடும்பம் முழுவதும் ஒரே நேரத்திலே மேசையிலிருப்பது அரிதாகிறது. சேர்ந்து உண்ண வந்தவர்கள் மாறிமாறி நடக்கின்றனர்.

உணவுக்கு அளவு வகுக்கும் வழிகள் மூன்றை நமது சமுதாயம் கண்டிருக்கிறது. முதலாவது, அரசு வகுத்த அளவு. யுத்த காலத்திலே 1942இல் தொடங்கிய பங்கீட்டு முறை, 1979இல் உணவு முத்திரைகள் வரும்வரை ஏதோவொரு வடிவிலே நீடித்தது. கூப்பன் புத்தகத்துடன் சங்கக்கடை வாசலிலே நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே கொந்தளித்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. அதன் பின்னர் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். கொத்தின் அளவு இந்நாட்டிலே அரசியலின் அளவாகவும் இருந்தது.

இரண்டாவது, பந்தியின் அளவு. பந்தியிலே பரிமாறுபவர் வேறு, உண்பவர் வேறு. பரிமாறுபவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். உண்பவர் இலைக்கு மேலே கையை விரித்துப் ‘போதும்’ என்பார். பொன்னையும் நிலத்தையும் கொடுத்தாற் போதும் என்று சொல்லாத மனிதன், சோற்றைக் கொடுத்தாற் சொல்லிவிடுகிறான் என்று நம் முன்னோர் அன்னதானத்தைச் சிறப்பித்தனர். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனை ‘அன்னதானக் கந்தன்’ என்றே மக்கள் அழைக்கின்றனர். அங்கும் உணவுக்கு விலையில்லை, உண்பவருக்குத் தடையில்லை. எனினும் அங்கே யாரும் மூச்சுமுட்ட உண்டு காசை ஈடுசெய்வதில்லை. ஈடுசெய்யக் காசு இல்லாமையே காரணம். பந்திக்கும் குறையுண்டு. யார் எந்தப் பந்தியில் இருக்கலாம் என்பதிலே சாதி புகுந்து செய்த கொடுமையை நாம் மறந்துவிடலாகாது. பஃபே வரிசை அந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை என்பது அதற்குரிய பெருமையே.

மூன்றாவது, பஃபேயின் அளவு. அங்கே அரசும் இல்லை, பரிமாறுபவரும் இல்லை. ‘போதும்’ என்பதை ஒருவர் தமக்குத்தாமே சொல்லவேண்டும். செலுத்திய பணமோ ‘இன்னும்’ என்று அவர் காதிலே ஓதிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல் சொல்லப்படாமற் போவதன் விளைவு உண்பவரின் வயிற்றோடு நிற்பதில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகிலே ஏறக்குறைய 105 கோடி தொன் உணவு வீணாகியது. அதிலே 29 கோடி தொன் உணவகங்கள் முதலிய உணவுச் சேவைத் துறையினின்று வந்தது. பெரும்பகுதி வீடுகளினின்றே வந்ததென்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் பஃபேயின் விரயம் கவனக்குறைவால் வருவதன்று, அமைப்பிலேயே உள்ளது. கடைசியாக வரும் விருந்தினரும் நிறைந்த தட்டங்களையே காணவேண்டும்; பாதி வெறுமையான தட்டம் ஹோட்டலுக்கு இழுக்கு. ஆகவே மூடும் நேரம் நெருங்கும்போதும் தட்டங்கள் நிரப்பப்படுகின்றன. சமைத்த உணவை 60 பாகை வெப்பத்துக்கு மேலே வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்திலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பலர் கைபட்ட மேசையிலே மிஞ்சியதை மறுநாள் பிறருக்குக் கொடுக்கவும் தயக்கம் உண்டு. எனவே அது குப்பைக்குப் போகிறது.

இதை இந்நாட்டிலே சொல்லும்போது 2022ஐ நினையாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. ஏறக்குறைய 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்றி இருந்ததாக ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் மதிப்பிட்டன. பாடசாலைக்கு வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளை அக்காலத்து ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டம் வெறுமையாகத் தெரியலாகாது என்று அஞ்சும் மேசையும், வெறுமையாகவே இருந்த கோப்பையும் ஒரே நாட்டிலே இருந்தன.

பிற நாடுகள் இதற்கு வழிதேடியிருக்கின்றன. தென்கொரியா 2013 முதல் நாடெங்கும் உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடுகிறது. சீனா 2021 ஏப்ரிலிலே உணவு விரயத் தடைச் சட்டத்தை நிறைவேற்றி, மிதமிஞ்சி மிச்சம் விடுவோரிடம் அகற்றற் கட்டணம் கேட்க உணவகங்களுக்கு உரிமை கொடுத்தது. இவை பயனுள்ளவையே. ஆனால் மிச்சத்துக்குத் தண்டம் விதித்தால், வேண்டாததையும் விழுங்கிவிடும் மனிதரும் உளர். குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டியது வயிற்றுக்குப் போனால் அது சேமிப்பாகிவிடாது. ஆகவே சீர்திருத்தம் பீங்கானுக்கு முன்னரே தொடங்கவேண்டும். சிறிய தட்டங்களிலே சிறிது சிறிதாகச் சமைத்து வைக்கலாம். எடுத்த உணவை நிறுத்து அதற்கேற்ப விலை கொள்ளலாம். பிறேசில் நாட்டிலே இவ்வாறு எடைக்கு விலை கொள்ளும் உணவகங்கள் சாதாரணமானவை. அங்கே தெரிவுச் சுதந்திரமும் உண்டு, விலை பற்றிய தெளிவும் உண்டு. காசை ஈடுசெய்யும் வெறி மாத்திரம் இல்லை.

பஃபே உணவு விரும்பத்தக்கதா என்ற வினாவுக்கு எனது விடை இதுவே: அது தரும் சுதந்திரம் விரும்பத்தக்கது, அது மூட்டும் கணக்கு விரும்பத்தக்கதன்று. அஞ்சாமல் தெரிந்தெடுப்பதும், விலையை முன்கூட்டி அறிவதும், ஒரே வரிசையிலே எல்லோரும் நிற்பதும் நாம் காக்கவேண்டிய பேறுகள். ஆனால் கொடுத்த காசுக்கு உண்ணும் மனிதன் பசிக்கு உண்பதை மறந்துவிடுகிறான். பந்தியிலே நம் இலைக்கு மேல் விரிந்த கை, பரிமாறுபவரை மாத்திரம் தடுக்கவில்லை. மிச்சத்தை அடுத்த பந்திக்கு விட்டுக்கொடுத்தது. பீங்கானோடு நாம் நிற்கும் வரிசையிலே அடுத்த பந்தி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாவிட்டாலும் அது வெளியே காத்திருக்கிறது.