தங்காது என்று யார் சொன்னது?

தக்கலைச் சந்தையில் மீன் விற்கும் இடத்துக்குப் பின்னால், ஐஸ் உருகி ஓடும் ஓடையோரம் அந்தப் பூனைக்குட்டியைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரண்டு கண்ணும் சீழ் கட்டி ஒட்டிப்போயிருந்தன. ஒரு சாண் தூரத்தில் சாளைத் தலை ஒன்று கிடந்தது. மூக்கும் அடைத்திருந்ததால் அந்த வாசனை அதற்கு எட்டவில்லை. கத்திக்கொண்டே எதிர்ப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

நான் குனிந்ததைப் பார்த்து மீன் விற்கும் அம்மை சொன்னார்: "அத எடுக்காத மக்ளே. கண்ணு போன பூச்சையில்லா, தங்காது கேட்டியா. போய்ச் சேந்தாத்தான் அதுக்கும் நிம்மதி."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. நாள்தோறும் மீன் தலைகளை ஒதுக்கிவைத்து அங்குள்ள பூச்சைக் கூட்டத்துக்குப் போடுகிறவர். அன்று அந்த வார்த்தைகளையும் இரக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. பூனையைக் கல்லால் அடிப்பவனை யாரும் நியாயப்படுத்துவதில்லை. ஆனால் "குறையுள்ளது தங்காது, அதை எடுத்து வளர்ப்பது அதற்குத்தான் கொடுமை" என்ற பேச்சை நல்லவர்களும் நம்புகிறார்கள். கல்லடியில் சாகும் பூனைகளைவிட இந்த நம்பிக்கையால் சாகும் பூனைகளே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த நம்பிக்கை தனக்கான சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தங்காது என்று சொல்லி யாரும் எடுப்பதில்லை. எடுக்காததால் மூன்றாம் நாள் ஓடையில் செத்துக் கிடக்கிறது. "நான் அப்பமே சொன்னேனில்லா" என்கிறோம். எடுத்துப் பார்த்தவர் யார், எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் குட்டியின் கண்ணைக் கெடுத்தது விதியல்ல. பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் கிருமி. மூக்கடைப்பு, தும்மல், கண்ணில் சீழ் என்று தொடங்கும் சளிக்காய்ச்சல் அது. முதல் சில நாட்களில் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விட்டால் பெரும்பாலும் கண் பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் கருவிழி புண்ணாகி உடைந்துபோகும். நான் எடுத்துப் போனபோது ஒரு கண் உடைந்திருந்தது, அதை அகற்ற வேண்டியதாயிற்று. மற்றதில் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வை போயிற்று. வலி இருந்ததெல்லாம் புண்ணில்தான். புண் ஆறியதும் வலியும் போய்விட்டது. பார்வையில்லாமல் இருப்பது அதற்கு வலிக்கவில்லை. "வேதனைப்படுமே" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதேயில்லை.

இப்போது அவனுக்கு நான்கு வயது. அவனுக்காக நான் செய்தது என்ன? கிணற்றுக்குக் கம்பி வலை போட்டேன். சோற்றுத் தட்டையும் மணல் தட்டையும் இடம் மாற்றுவதில்லை. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். தூக்கினால், அவன் சாப்பிடும் இடத்தில்தான் இறக்கிவிடுவேன். அங்கிருந்து வீடு முழுவதும் அவனுக்குத் தெரியும். மீசையாலும் காதாலும் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்துவிடுகிறான். இடவப்பாதி மழை ஓட்டின் மேல் அடித்து ஊற்றும்போது மட்டும் நடக்கமாட்டான். மழைச் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுவதால் இருந்த இடத்திலேயே காலை மடக்கி உட்கார்ந்துவிடுவான். மழை வெறித்ததும் எழுந்து நேராக அடுக்களைக்கு வருவான். கண்ணுள்ள பூனையை அவன் பார்த்ததில்லை. தன்னிடம் எதுவோ குறைகிறது என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் குறையை நினைத்து வருந்துகிறவர்கள் நாம்தான்.

தள்ளாடி நடக்கும் குட்டிகளின் நிலை இதைவிட மோசம். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பான்லூகோபீனியா என்ற வைரஸ் தாக்கினால் குட்டியின் சிறுமூளை சரியாக வளராமல் போகலாம். பிறந்து நடக்கத் தொடங்கும்போதே தலை ஆடும், கால் பரப்பி விழுந்து எழும். அதைப் பார்த்ததும் "வெறி பிடிச்ச பூச்சை" என்று தடியெடுக்கிறோம். வெறிநோய் திடீரென வந்து சில நாட்களில் கொன்றுவிடும். இந்தத் தள்ளாட்டமோ பிறவியிலேயே இருக்கும். நாள் ஆக ஆகக் கூடுவதில்லை, வலிப்பதுமில்லை. இப்படிப்பட்ட பூனை முழு ஆயுளும் வாழும். எது எது என்று கால்நடை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் தடியெடுக்க யாருக்கும் உரிமையில்லை.

பெயரைக் கேட்டே பயந்து ஒதுக்கும் நோய்களும் உண்டு. "பூனை எய்ட்ஸ்" என்பார்கள். 1986-ல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பீடர்சன், ஜானெட் யமமோட்டோ ஆகியோர் கண்டறிந்த வைரஸ் அது. பூனைகள் ஆழக் கடித்துச் சண்டையிடும்போது பரவும், மனிதருக்கு வராது. வீட்டுக்குள் சண்டையில்லாமல் இருக்கும் பூனை அதோடு பல ஆண்டுகள் நன்றாகவே வாழ்கிறது. அதே பீடர்சன்தான் பின்னாளில் எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோய்க்கும் வழி கண்டார். வயிறு வீங்கி, உண்ணாமல் கிடந்து சாகும் நோய். வந்தால் பிழைக்காது என்று மருத்துவர்களே கைவிட்ட அந்த நோய்க்கு அவரது குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொடுக்கப்பட்ட 31 பூனைகளில் 25 பிழைத்தன. 2021-ல் கொரோனா அலையின்போது சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் நம் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்களே ரெம்டெசிவிருக்காக, அதற்கு நெருங்கிய உறவுள்ள மருந்துதான் இது. தங்காது என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் முற்றுப்புள்ளி கிடையாது. நேற்றுவரை தங்காதது இன்று தங்குகிறது.

சந்தைக் குட்டியை வேண்டாமென்பவர்கள் அதே வாரத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெர்சியன் வாங்குகிறார்கள். குறையில்லாதது வேண்டுமாம். பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெர்சியன்களிடம் அது காணப்பட்டது. சப்பை மூக்கால் மூச்சுத் திணறல், கண்ணில் ஓயாத நீர், சிக்குப் பிடிக்கும் முடி. வாங்கியவர்கள் சலித்துப்போய் வெளியே விடும் பெர்சியன்களையும் பார்த்துவிட்டேன். வெளியே தெரியும் குறைக்கு முகம் சுளித்து, உள்ளே மறைந்திருக்கும் குறைக்குக் காசு கொடுக்கிறோம்.

குணம் கெட்டது என்று ஒதுக்கப்படும் பூனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "கடிக்கிற பூச்சை, அது பிறவிக் குணம்" என்பது பொய். ஒரு குட்டி பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை மனிதக் கை அன்போடு பட்டால் மனிதரிடம் ஒட்டும். அந்த நாட்களில் அது கண்டது செருப்புக் காலும் துடைப்பமும் என்றால், கை நீளும்போது நகம் நீளத்தான் செய்யும். என் வீட்டிலுள்ள சாம்பல் நிறக்காரி எட்டு மாதம் யாரையும் தொடவிடவில்லை. நான் எதுவும் செய்யவில்லை. தினமும் ஒரே நேரத்தில் சோறும் நெத்திலியும் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்பதாம் மாதம் தானாக வந்து முழங்காலில் தலையை முட்டினாள். இடையில் ஒருநாள் கடித்தாள். காயத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். கடி பட்ட எவரும் அதைச் செய்தே ஆகவேண்டும்.

கண்ட இடத்தில் மூத்திரம் போகும் ஆண்பூனையைச் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டுவருவது நம் பக்கத்துப் பழக்கம். விதைநீக்கம் செய்தால் பெரும்பாலான ஆண்பூனைகள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். திடீரென மூலையில் குந்தி முக்கிக்கொண்டே இருந்தால் அது சேட்டையல்ல, சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் சாக்கில் கட்டுகிறோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு கொடுத்தால்கூடப் பூனையைக் கொன்றுவிடலாம். அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் திறமில்லை. உண்ணி போகட்டும் என்று பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுவதும் அப்படியே. "என்ன செய்தும் தங்கல" என்று சொல்லப்படும் பூனைகளில் எத்தனை இப்படிச் செத்திருக்குமோ.

"காப்பகத்தில் விடுங்கள்" என்பது நகரத்துப் பதில். சென்னையில் 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில்கூட, வருகிறவர்கள் முதலில் கேட்பது அழகான குட்டியை. ஒற்றைக் கண்ணும் மூன்று காலும் கடைசிவரை கூண்டிலேயே கிடக்கின்றன. நம்மூரில் அந்தக் கூண்டும் இல்லை. சந்தையும் பேருந்து நிலையமும் பள்ளிவாசல் முற்றமும்தான் இங்கே காப்பகம். சூஃபி ஞானி பீர் முகமது அப்பா அடங்கியிருக்கும் ஊர் இது. நபித்தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை என்ற பெயர் நிலைத்தது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற நபிமொழியும் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகத் தொடங்கிவைத்த முயற்சி, 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டமாயிற்று. பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அந்தத் தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. நம் நாட்டில் ஒரு பூனையைச் சாகவிட அதற்கு மேல் விலையில்லை.

எல்லாரும் எடுத்து வளர்க்க முடியாது, தெரியும். நேரமும் பணமும் வேண்டும். வாரக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். மருத்துவரே கைவிரித்து, வலியைத் தணிக்க முடியாத நிலை வந்தால் ஊசிபோட்டு அமைதியாக அனுப்புவதும் கருணைதான். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தை ஓரத்தில் நின்று இரண்டு விநாடி பார்த்துவிட்டு நாம் சொல்லக்கூடாது. முடியவில்லை என்றால் "என்னால் முடியவில்லை" என்று சொல்லுங்கள். "அது தங்காது" என்று சொல்லாதீர்கள். முன்னது உண்மை. பின்னதைக் கேட்டு, எடுக்க நினைத்த இன்னொருவரும் கையை இழுத்துக்கொள்கிறார்.

அடுத்தமுறை சந்தைக்குப் போகும்போது பையில் ஒரு பழைய துவர்த்துத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுற்றி எடுத்தால் பிராண்டாது. கடைக்காரரிடம் ஓர் அட்டைப்பெட்டி கேட்டால் தருவார். நேராகக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கண் ஒட்டியிருந்தால் நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.